முக்திநாத் வழியில் ஒரு மண்கூரை ஊர்

நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஸாளக்ராமம் பெரியாழ்வாராலும் திருமங்கையாழ்வாராலும் மங்களாசாஸனம் செய்யப்பெற்ற தலமாகும். நேபாள தேசத்தில் முஸ்தாங் மாவட்டத்திலுள்ள முக்திநாத்தையே அத்தலமாகக் கொண்டு நம் பெரியோர் ஸேவித்து வருகின்றனர். இக்காலத்தில் அங்குச் செல்லும் அன்பர்கள் விமானத்திலோ மோட்டார் வண்டியிலோ விரைந்து சென்று, கோமுகங்கள் 108-லும் தலை நனைத்து, ஸ்ரீமூர்த்தியை ஸேவித்து, அன்றே மலையிறங்கி விடுகின்றனர். வழியில் காக்பேனி என்னும் சிற்றூரில் பித்ருகாரியம் செய்வதற்காக ஒரு நாழிகை தங்குவதோடு சரி. 2024 புரட்டாசியில் அடியேன் சென்ற கோஷ்டியும் அவ்வாறே புறப்பட்டிருக்கும். வண்டியின் சக்கரம் பழுதுபட்டதால் ஒரு பகல் முழுவதும் அங்கே இருக்க நேர்ந்தது. அந்த ஊரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

காக்பேனி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 9,200 அடி உயரத்தில் இருக்கிறது. வடக்கே திபெத்து எல்லைப் பக்கத்திலிருந்து காளி கண்டகி வருகிறாள். கிழக்கே முக்திநாத் பள்ளத்தாக்கிலிருந்து ஜோங் என்னும் சிற்றாறு இறங்கி அவளுடன் கலக்கிறது. ஆகவே ஸந்நிதியின் பின்புறம் கோமுகங்களில் விழும் தீர்த்தமே இச்சிற்றாற்றின் வழியாக இங்கு வந்து சேருகிறது என்பதை யாத்திரிகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். 'பேனி' என்பது 'வேணி' என்ற வடசொல்லின் திரிபு. நதிகள் கூடுமிடம் என்பது பொருள். பித்ரு க்ஷேத்திரமாதலின் 'காக்' என்பதைக் காகத்தோடு பொருத்தவே வடமொழி படித்தவர் மனம் விரும்பும். அடியேனும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அது தடுப்பு என்னும் பொருளுள்ள திபெத்தியச் சொல் என்பர். ஊரின் சரித்திரத்தைப் பார்க்கும்போது இதுவே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

சரித்திரத்திற்கு முன் அந்நிலத்தின் இயல்பைச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெற்கே 26,795 அடி உயரமுள்ள தவளகிரியும் 26,545 அடி உயரமுள்ள அன்னபூர்ணையும் எதிரெதிரே நிற்கின்றன. தெற்கிலிருந்து வரும் கார்மேகங்கள் அம்மலைகளின் தென்சரிவிலேயே தம் நீரையெல்லாம் கொட்டிவிடுகின்றன. அச்சரிவிலுள்ள லும்லே என்னும் ஊரில் ஆண்டுக்கு 200 அங்குலத்திற்கு மேல் மழை பெய்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் அங்கிருந்து 40 மைலுக்குள் இருக்கிறது ஜோம்சோம். அங்கே கிடைப்பதோ ஏறத்தாழ 10 அங்குலமே. ஜோம்சோமுக்கு அடுத்த ஊரான காக்பேனியும் அப்படியே. மலைக்கு மறைவிலிருப்பதால் மழையற்றுப் போன நிலம் இது. சுற்றிலும் செம்மண்ணும் சாம்பல் நிறப் பாறையுமே தெரிகின்றன. ஊரை ஒட்டிய வயல்கள் மட்டும் பச்சைத் துணியை விரித்தாற்போல இருக்கின்றன.

மழை வராத வழியில் காற்று வருகிறது. வடக்கே திபெத்துப் பீடபூமி வெயிலில் காய்ந்ததும் அங்குள்ள காற்று சூடேறி மேலெழும்புகிறது. அவ்விடத்தை நிரப்பத் தெற்கத்திக் காற்று இந்த ஒரே பள்ளத்தாக்கின் வழியாகப் புகுகிறது. முற்பகல் பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கினால் மாலை வரை ஓய்வதில்லை. ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டுமே வருவது இதனால்தான். பிற்பகலில் ஆற்றங்கரையில் தர்ப்பையைக் கையில் பிடித்திருப்பதே பெரும்பாடு. பிண்டத்தில் மணல் வந்து விழும். ஆதலால் பித்ருகாரியத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

இக்காற்றை அறிந்தே ஊரைக் கட்டியிருக்கின்றனர். வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கின்றன. தெருக்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவே. சில இடங்களில் தெருவின் மேலேயே வீடு செல்வதால் பகலிலும் இருள்தான். வெயில் விழுவதற்கு நடுவில் ஒரு முற்றம். மேலே மரங்களைப் பரப்பி மண் இட்டு இடித்த தட்டைக் கூரை. அதன் விளிம்பைச் சுற்றி விறகு அடுக்கியிருக்கிறது. மரமே அரிதான நாட்டில் விறகடுக்கு வீட்டின் செல்வத்தைக் காட்டுமாம். ஊரின் எல்லைகளில் 'கேனி' என்னும் ஆண், பெண் காவல் உருவங்கள் மண்ணால் செய்யப்பட்டு நிற்கின்றன.

வயலுக்கு நீர் வானத்திலிருந்து வருவதில்லை. உயரத்தில் உருகும் பனியே ஓடையாகி, வாய்க்கால் வழியே முறைவைத்துப் பாய்கிறது. வாற்கோதுமை அறுத்த நிலத்தில் கோடையில் 'பாபர்' விதைக்கின்றனர். வடநாட்டார் விரத நாளில் உண்ணும் 'குட்டு' தானியம் இதுவே. அடியேன் சென்றபோது அதைக் கூரைகளில் உலர்த்தியிருந்தனர். 1966-ல் மார்ஃபாவில் அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணை ஏற்பட்ட பிறகு இப்பக்கத்தில் ஆப்பிள் பயிரும் பரவிற்று. ஐப்பசியை ஒட்டிக் 'கூஞ்ஜ்' என்னும் பறவைகள் வடக்கிலிருந்து வந்து, இந்தப் பள்ளத்தாக்கின் வழியே இமயத்தைக் கடந்து பாரத தேசத்தில் இறங்குகின்றன. 'க்ரௌஞ்ச' என்ற சொல்லே அப்பெயராயிற்று.

இனி ஊரின் சரித்திரம். திபெத்திய ஏரிகளில் எடுத்த உப்பு கால்நடைகளின் முதுகில் தெற்கே இறங்கியது. நேபாளத்து அரிசியும் பிற தானியங்களும் வடக்கே ஏறின. இரண்டும் இந்தக் கூடல்துறையைக் கடந்தே ஆகவேண்டும். இங்கே கோட்டை கட்டி உட்கார்ந்தவன் சுங்கம் வாங்கினான். அதுவே அந்தத் 'தடுப்பு'. பழைய கோட்டை மண்மேடாக இன்றும் நிற்கிறது. அருகிலுள்ள பௌத்த மடம் 1429-ல் தோன்றியதென்பர். 1959-ல் திபெத்தில் நேர்ந்த கலகத்திற்குப் பின் எல்லை இறுகியது. தெற்கிலிருந்து பாரதத்துக் கடலுப்பு ஏறிவந்தது. பழைய வாணிகம் க்ஷீணித்தது. 1960 முதல் 1974 வரை திபெத்தியப் போராளிகள் முஸ்தாங்கில் முகாமிட்டிருந்தனர். ஊருக்கு வடக்கேயுள்ள மேல் முஸ்தாங் 1992-ல்தான் அயல்நாட்டாருக்குத் திறக்கப்பட்டது. அதற்கான அனுமதிச் சீட்டை இன்றும் காக்பேனியிலேயே பரிசோதிக்கின்றனர்.

கண்டகியில் கிடைக்கும் ஸாளக்ராமத்தைப் பற்றி யாத்திரிகர் பலர் கேட்பதுண்டு. வஜ்ரகீடம் என்னும் புழு குடைந்ததால் உண்டான சக்ரம் என்பது நம் சம்பிரதாயம். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலாயிருந்ததென்றும், அக்கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டுப் பிராணிகள் சேற்றில் புதைந்து கல்லாயின என்றும், நிலம் நிலத்தை முட்டி இமயம் எழும்பியபோது அவையும் மேலே வந்தன என்றும் பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுகின்றனர். இதைக் கேட்டு மனம் கலங்குவோர் உளர். அடியேனுக்கோ ஆராதனத்தில் கல்லைக் கையிலெடுக்கும்போது, திருப்பாற்கடலைச் சொல்லும் நாவுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.

இவ்வூரார் பெரும்பாலும் பௌத்தர்கள். முக்திநாத்தையும் அவர்கள் தங்கள் தலமாகவே போற்றுகின்றனர். அங்குள்ள ஜ்வாலா மாயி ஸந்நிதியில் எரியும் இயற்கைத் தீயைக் காப்பவர் பௌத்தப் பிக்ஷுணிகளே. நமக்கு ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமியை ஒட்டி முக்திநாத் அடிவாரத்தில் அவர்கள் குதிரைப் பந்தயத்தோடு 'யார்துங்' திருவிழா கொண்டாடுகின்றனர்.

நீருக்கு ஏங்கிய இந்த ஊரிலேதான் 2023 ஆகஸ்டு 13-ஆம் நாள் ஜோங் சிற்றாற்றில் கல்லும் சேறுமாகப் பெருவெள்ளம் இறங்கியது. பல வீடுகள் அழிந்தன; எம்பெருமான் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. மேல் முஸ்தாங்கிலோ ஸம்ஜோங் என்னும் ஊரார் பயிருக்கு நீரின்றி ஊரையே வேறிடத்திற்கு மாற்றிக்கொண்டனர். முன்பு பனியாக இறங்கி மெல்ல உருகியது, இப்போது காலம் தப்பி மழையாக இறங்குகிறதென்று அங்குள்ளோர் சொல்கின்றனர்.

அன்று எங்களுக்கு நிழல் தந்த வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். தமக்கு வேண்டிய வெந்நீரையும் எங்களில் முதியவர்களுக்கே கொடுத்துவிட்டார். எங்கள் வழிகாட்டி அவர் பேச்சை எடுத்துச் சொன்னார். மண்கூரை தானியம் உலர்த்தவும் வெயில் காயவும் பாட்டனார் இட்டதாம். சென்ற இரண்டு மூன்று மழைக்காலங்களில் அது ஒழுகிப் படுக்கையெல்லாம் நனைந்தது. மகன் ஒரு பக்கத்திற்குத் தகரம் போட்டிருக்கிறான். காற்று கொண்டுபோகாதிருக்க ஆற்றுக் கற்களை அதன்மேல் அடுக்கியிருக்கிறான். தகரத்தின் மேல் தானியம் சரிந்துவிடுவதால், இவ்வாண்டு பாபரைப் பாதிக் கூரையிலேயே உலர்த்தி முடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதைக் கையால் கிளறிவிட்டார். மாலையில் காற்று அடங்கிற்று, வண்டியும் சரியாயிற்று. நாங்கள் புறப்படும்போது அவர் இன்னும் மேலேதான் இருந்தார்.