மணலில் எழுதிய பாடம்

மாணவர்களே, விசயதசமி நாளில் தட்டில் அரிசியைப் பரப்பி, உங்கள் விரலைப் பிடித்து யாரேனும் 'அ' எழுதச் செய்திருப்பர். உங்களுள் பலருக்கு அது நினைவில் இராது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். கரும்பலகையும் அச்சுப் புத்தகமும் வருவதற்கு முன், நம் திண்ணைப்பள்ளிகளில் எழுத்தறிவு ஏறத்தாழ இவ்வாறே தொடங்கியது. பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன.

அந்த மணலில் தமிழ் எழுதக் கற்றவர்களுள் ஒருவர் ஜெர்மானிய இளைஞர். அவர் பெயர் சீகன்பால்கு. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு, தம் நாட்டு வணிகக் குடியேற்றமாக இருந்த தரங்கம்பாடிக்கு அவரையும் புளூட்சௌ என்பவரையும் சமயப் பணிக்காக அனுப்பினார். 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் அவர்கள் கரை இறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது 24 வயது நிறைய ஒரு நாளே இருந்தது. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டி, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து அவரும் மணலில் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1708ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் திருக்குறளும் உண்டு.

அவர் ஏன் இவ்வளவு பாடுபட்டார்? தமிழ்ப் பற்று முதற் காரணமன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. மார்ட்டின் லூதர் வழிவந்த திருச்சபையினர், திருமறையை ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் தாமே படித்தறிய வேண்டும் என நம்பினர். படிக்க வேண்டுமாயின் எழுத்தறிவு வேண்டும். ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். ஆகவே கோயில் எழும்போதே பள்ளியும் எழுந்தது. 1707ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்கள் எழுத்தறிவு பெறுவது அரிதாயிருந்த காலம் அது.

பள்ளிக்குப் புத்தகம் வேண்டுமே! தமிழ் அச்சு அதற்கு முன்பே தோன்றிவிட்டது. அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் போர்த்துக்கீசியத் துறவியின் 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. அது பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். ஆனால் அம்முயற்சி நெடுங்காலம் தொடரவில்லை. தரங்கம்பாடிக்கு 1712ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், அடுத்த ஆண்டு ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகளோ மிகப் பெரியவை. பக்கத்தை நிரப்பித் தாளைத் தின்றன. தாளோ கடல் கடந்து வர வேண்டிய அரும்பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் 1715ஆம் ஆண்டு அச்சாகி நிறைவுற்றது. சீகன்பால்கு 1719ஆம் ஆண்டில், தம் 36ஆம் வயதிலேயே மறைந்தார்.

நாம் வாழும் சத்தியவேட்டுக்கு இனி வருவோம். ஊத்துக்கோட்டை வழியாகச் சென்றால் இங்கிருந்து சென்னை தொலைவில்லை. 1960ஆம் ஆண்டு எல்லை மாறும்வரை இவ்வூரும் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் மண் இது. சென்னையும் அந்நாளில் அவ்வாறே இருந்தது. தரங்கம்பாடியிலிருந்து 1726ஆம் ஆண்டு அங்கே வந்த சூல்ட்சே என்னும் போதகர் பள்ளி தொடங்கியபோது, தமிழ் மட்டும் போதாது எனக் கண்டு தெலுங்கும் கற்றார். தெலுங்குக்கு இலக்கணமும் எழுதினார். தாயகம் திரும்பிய பின் ஹாலே நகரில் தெலுங்கு நூல்களை அச்சிட்டார். வீட்டில் தமிழும் கடையில் தெலுங்கும் பேசும் உங்களுக்கு இது வியப்பாக இராது.

மணலின் கதை இன்னும் முடியவில்லை. 1789ஆம் ஆண்டு எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவர் மேற்பார்த்து வந்தார். வழியில் ஒரு திண்ணைப்பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தனர். தம் பள்ளியிலும் இம்முறையைக் கையாளுமாறு ஆசிரியரிடம் கூறினார். இயலாது என்றார் அவர். பெல் அவரிடம் வாதிடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுத்தைக் கற்பிக்கச் சொன்னார். ஆசிரியரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று! நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைகள் செய்துவந்த பணிதான் அது. பெல் இங்கிலாந்து திரும்பி 1797ஆம் ஆண்டு இதனை நூலாக வெளியிட்டார். 'மதராசு முறை' என்னும் பெயரில் அந்நாட்டுத் திருச்சபைப் பள்ளிகள் இதனை ஏற்றன. ஆங்கிலேயச் சிறுவர்கள் மணல் தட்டில் எழுதிப் பழகினர். அவர் விட்டுச்சென்ற பணத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராசுக் கல்லூரி' என்றே பெயர். ஆங்கிலேயர் நமக்குப் பள்ளி தந்தனர் என்று மட்டும் கேட்டு வளர்ந்தவன் நான். இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது இருமுறை படித்தேன்.

எனினும் அனைத்தும் செம்மையாக நடந்தன என எழுதினால் அது வரலாறாகாது. திருச்சபைகளுக்குள்ளும் சாதிக்கு ஏற்பத் தனி இருக்கை இருந்தது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டு அவ்வேறுபாடு கூடாது என ஆணையிட்டபோது, பலர் கோயிலை விட்டே விலகினர். எழுத்தைப் பொதுவாக்க முன்வந்தோர்க்கு இருக்கையைப் பொதுவாக்குவது கடினமாயிற்று.

நம் தமிழ் வகுப்பில் ஆறாம் வகுப்பினரும் எட்டாம் வகுப்பினரும் ஒன்றாகவே அமர்கின்றனர். தமிழை விருப்பப் பாடமாக எடுத்தோர் சிலரே என்பதால் அவ்வாறு அமைந்தது. எனக்கு அது முதலில் குறையாகவே தோன்றியது. சென்ற திங்களில், தெலுங்குப் பெயர்ப்பலகைகளைத் தடையின்றிப் படிக்கும் ஒரு சிறுவன் 'ழ'கரம் எழுத வராமல் திகைத்தான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவனை வெளியே அழைத்துச் சென்றாள். வேப்பமரத்தடி மண்ணில் இருவரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தனர். மணி அடித்தும் நான் அழைக்கவில்லை.

சொல்லும் பொருளும்
சட்டாம்பிள்ளை – ஆசிரியர்க்கு உதவியாகப் பிற மாணவர்க்குக் கற்பிக்கும் மாணவர்
எழுத்தாணி – ஓலையில் எழுத உதவும் கூரிய கருவி

எழுதுக
1. தரங்கம்பாடியில் சிறிய தமிழ் எழுத்துகளை ஏன் வார்த்தனர்?
2. 'மதராசு முறை' நம் திண்ணைப்பள்ளியிலிருந்து பெற்றவை எவை?
3. உங்கள் வீட்டில் முதன்முதலில் தமிழ் எழுதப் படித்தவர் யார்? எங்கே, யாரிடம் கற்றார் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.