பனியும் பாலையும்

மார்கழித் திங்களின் விடியலில், ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய எம்மூர்ப் பக்கங்களில் வெப்பமானி இருபது டிகிரியை ஒட்டி இறங்கிவிட்டால், முதியோர் கம்பளிக் குல்லாயால் காதை மூடிக்கொண்டே பால் வாங்கச் செல்வர். ரயில் நிலையத்தில் யாமும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றதுண்டு. இதனையே பெருங்குளிர் என எண்ணி வளர்ந்த எமக்கு, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, நார்வே நாட்டின் வடகோடியாகிய பின்மார்க்கில் தமிழர் குடியேறி உழைத்தனர் என்னும் செய்தி பெருவியப்பை அளித்தது. அவர் எய்திய குளிர் எத்தகையது, அதனை நம் பொருளிலக்கணத்தில் எவ்விடத்தில் வைப்பது என்பனவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இத்தொடர்பு மீனால் விளைந்தது. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் என்பார் 1956 ஆம் ஆண்டில் நார்வே சென்று மீன்தொழில் பயின்றார். பின்னர் அந்நாட்டார் உதவியுடன் காரைநகரில் சீநோர் என்னும் படகுத் தொழிற்சாலை எழுந்தது. அவர் திறந்த வழியே இளைஞர் சிலர் கல்வி நாடிச் சென்றனர். 1983 ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர்மேல் நிகழ்ந்த வன்செயலுக்குப் பின் சென்றோருள் பலர் புகலிடம் வேண்டிச் சென்றவராவர். பின்மார்க்கின் கரையோர மீன் ஆலைகளுக்கோ ஆள் போதவில்லை. எனவே, வெயிலில் கருவாடு உலர்த்தும் நாட்டில் பிறந்தோர், வடகடலின் காட் மீனை அறுத்துப் பெட்டியில் அடுக்கும் பணியில் அமர்ந்தனர். அங்கும் ஒருவகைக் கருவாடு உண்டு. உப்பிடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே உலர்த்துவர். குளிரும் உலர்த்தும் என்பது எமக்குப் புதுப்பாடம்.

பின்மார்க் முழுவதும் ஒரே அளவான குளிர் உடையதன்று. கடற்கரையில் வெப்ப நீரோட்டம் பாய்வதால் வார்டோ போன்ற துறைமுகங்கள் மாரியிலும் உறைவதில்லை. உள்நாட்டிலோ, காராசோக் என்னும் ஊரில் 1886 சனவரி முதல் நாளில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 51.4 டிகிரிக்கு இறங்கிற்று. நார்வேயில் அதனினும் தாழ்ந்த அளவு பதிவானதில்லை. கரையோரத்தாரை வருத்துவது காற்று. உடலை ஒட்டி நிற்கும் வெம்மையான காற்றுப்படலத்தை அது ஓயாது பறித்துச் செல்லும். ஆதலின், தடித்த உடை ஒன்றினும் மெல்லிய உடைகள் சில அடுக்காக அணிதலே நன்று. அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே காப்பு. நம் நாட்டில் வியர்வையை உறிஞ்சி உதவும் பருத்தி, ஆண்டு அவ்வீரத்தைத் தேக்கி உடலைக் குளிர்விக்கும் பகையாகிவிடும்.

உடைக்கு அடங்காதது இருள். நவம்பர்ப் பிற்பகுதியில் மறையும் கதிரவன், சனவரிப் பிற்பகுதியில்தான் மீண்டும் தலைகாட்டுவான். இடைப்பட்ட நாள்களில் நண்பகற் பொழுதில் தென்திசையில் நீலச் சாயல் ஒன்று தோன்றி மறையும்; அவ்வளவே. உறக்கம் பிறழும், சிலர்க்கு உள்ளமும் சோரும். கருமேனியராகிய நம்மவர்க்கு மற்றொரு குறையும் சேரும். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி கதிரொளியால் தோலில் உண்டாவது. கருநிறத் தோலுக்கு அவ்வொளி மிகுதியாக வேண்டும். ஓஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, ஓஸ்லோவில் வாழ்வோர்க்கு அச்சத்து மிகக் குறைவு எனக் காட்டிற்று. அந்நாட்டார் மாரிதோறும் மீனெண்ணெய் அருந்தும் வழக்கம் காரணமின்றி எழுந்ததன்று.

இனி மொழியை நோக்குக. நமக்குக் குளிர்ச்சி என்பது நன்மையின் பெயர். உள்ளம் குளிர்ந்தது என்போம். அருளைத் தண்ணளி என்போம். பனித்தலுக்கு நடுங்குதல் என்னும் பொருள் இருப்பினும், பனி என்றவுடன் நம் கண்முன் நிற்பது புல்நுனித் துளியே. இத்தகைய மொழியைப் பேசுவோர், வெம்மையையே வாழ்த்தாகக் கொள்ள வேண்டிய நாட்டில் வாழ நேர்ந்தது. அதனாலன்றோ பனியும் பனி சார்ந்த நிலமும் ஆறாந்திணை என ஆய்வாளர் சிலர் கூறலாயினர்! புலம்பெயர்ந்தோர் கதைகளைத் திரட்டி 1994 இல் வெளிவந்த தொகுதிக்கும் 'பனியும் பனையும்' என்றே பெயர்.

யாம் இக்கொள்கையை வகுப்பில் மறுத்தோம். தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். வேனிலோடு பின்பனியையும் அதற்கு உரிமையாக்கினார். பிரிவே அதன் உரிப்பொருள். பொருள் தேடப் பிரிந்தாலென்ன, உயிர் காக்கப் பிரிந்தாலென்ன? மனைவியையும் பெற்றோரையும் கடலுக்கு அப்பால் விட்டு, மீன் ஆலையில் நின்றவனுடைய நிலம், மணலுக்கு மாறாக வெண்பனி பரந்த பாலையே; புதுத்திணை வேண்டா என்றோம். எம் வாதத்தில் எமக்குச் சிறிது செருக்கும் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர், "அங்கேயே பிறந்த குழந்தைக்குப் பிரிவு ஏது?" என்று மட்டும் வினவினார்.

அவ்வினாவுக்கு விடை தேடியபோது ஒரு வழக்கத்தை அறிந்தோம். நாம் தைப்பொங்கலிட்டுக் கதிரவனை வாழ்த்தும் நாளில் வார்டோவில் கதிரவன் இல்லை. சில நாள் கழித்து அவன் வட்டம் முழுவதும் தொடுவானுக்கு மேல் தெரியும் அன்று, அவ்வூர்ப் பழங்கோட்டையில் பீரங்கி முழங்கும்; பள்ளிச் சிறார்க்கு விடுமுறை விடுவர். பின்மார்க்கில் குடியேறிய குடும்பங்கள் பல பின்னாளில் ஓஸ்லோவுக்குப் பெயர்ந்தன. ஆயினும், அப்பனிநிலத்திலேயே கண்விழித்து, கதிரவனின் வரவை அவ்வாறு எதிர்பார்த்து வளர்ந்த தமிழ்க் குழந்தைக்கு அது பிரிந்து சென்ற நிலம் அன்று, பிறந்த நிலம். அக்குழந்தையின் கதைக்குப் பாலை பொருந்தாது. எம் மறுப்பில் பாதியை ஈண்டே திரும்பப் பெறுகின்றோம்.