குட்டி யானைக்கு டீசல்தான் தீனியா?

பழைய லோடு வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது எடுக்கப் போகிறவருக்கு ஆலோசகர்களுக்குப் பஞ்சமில்லை. டீக்கடை, பட்டறை, லோடு ஸ்டாண்டு, எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: "கண்ணை மூடிக்கிட்டு டீசல் எடுங்க." 2005-ல் டாடா ஏஸ் வந்து, நம் ஊரில் 'குட்டி யானை' என்று பேர் வாங்கியபோது அதில் டீசல் மட்டும்தான் இருந்தது. இன்று அதே ஏஸ் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் கிடைக்கிறது. 2016-ல் டீசலோடு வந்த மாருதி சூப்பர் கேரி, 2020-ல் டீசலையே கைவிட்டுவிட்டது. ஆலோசனை மட்டும் மாறவில்லை.

நம்பிக்கை 1: டீசல் விலை குறைவு, அதனால் எப்போதும் லாபம்.

உண்மை: இது மானியக் காலத்துக் கணக்கு. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம் இருந்தால் யார்தான் யோசிப்பார்கள்? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பிறகு அதே டில்லியில் பெட்ரோல் 94.72, டீசல் 87.62. இடைவெளி ஏழு ரூபாய்தான்.

டீசலில் மைலேஜ் கூடுதல் என்பது நிஜம். ஆனால் வண்டி விலையும் கூடுதல். ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அதிகம் கொடுக்கிறீர்கள். லோடோடு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் வண்டி 20 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வையுங்கள். கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6.67 ரூபாய், டீசலில் 4.60 ரூபாய் செலவாகும். மிச்சம் இரண்டு ரூபாய் சொச்சம். கொடுத்த லட்சத்தைத் திரும்ப எடுக்கவே ஏறக்குறைய 48,000 கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளத்துக்குப் போய் வரும் வண்டி நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடினால், வருஷத்துக்கு 300 நாள் கணக்கில் பதிமூன்று மாதத்தில் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். சென்னையில் தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போடும் வண்டி நாளுக்கு 40 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால், நான்கு வருஷம் ஆகும். அதற்குள் டியூவே முடிந்திருக்கும். கூடுதல் லட்சத்துக்கான வட்டியை இங்கே சேர்க்கவே இல்லை.

நம்பிக்கை 2: டீசல்தான் லோடு இழுக்கும், பெட்ரோல் முக்கும்.

உண்மை: பாதி சரி. முதல் ஏஸின் 702 சிசி டீசல் இன்ஜின் 16 குதிரைத்திறன். 2020-ல் வந்த பெட்ரோல் ஏஸின் இன்ஜின் 694 சிசிதான், திறனோ 30. ஆனால் அந்தத் திறனை எடுக்க ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜினை வேகமாகச் சுற்றவிட வேண்டும். லோடு ஏற ஏற மைலேஜ் சரியும். டீசல் குறைந்த சுற்றிலேயே நிதானமாக இழுக்கும். டன்னுக்கு மேல் ஏற்றி நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அந்த நிதானம்தான் காசு.

மலையேறும்போது கவனிக்க வேண்டியது டர்போவை. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஊட்டி சேரும்போது வண்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜின், டீசலோ பெட்ரோலோ, மூச்சு வாங்கும். டர்போ இருந்தால் காற்றை அமுக்கிக் கொடுத்து ஈடுகட்டிவிடும்.

நம்பிக்கை 3: டீசல் இன்ஜினுக்குச் செலவே வைக்காது.

உண்மை: பழைய இன்ஜினுக்கு அந்தப் பேர் பொருந்தும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிமுறை வந்த பிறகு கதை வேறு. இப்போதைய டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சருக்கு முன்னால் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. பைபாஸில் கால் மணி நேரம் ஒரே வேகத்தில் போனால் வேலை முடிந்துவிடும். தெருவுக்குத் தெரு நின்று போகும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. கரி அடைக்கிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது.

இன்னொன்று. கரியை எரிக்க முயலும்போது கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல், எரியாமல் கசிந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கலாம். ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்கும் டிரைவர், "ஆயில் குறையவே இல்லை, ஏறித்தான் இருக்கு" என்று சந்தோஷப்படுவார். அது நல்ல செய்தி இல்லை. நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும். மட்டம் ஏறியிருந்தால் அன்றே சர்வீஸுக்கு விடுங்கள்.

நம்பிக்கை 4: டீசல் வண்டியை அணைத்து அணைத்துக் கிளப்பினால் நஷ்டம்.

உண்மை: கேன் இறக்கும் ஐந்து நிமிஷமும் இன்ஜினை ஓடவிடுவதுதான் நஷ்டம், வடிகட்டியில் கரியும் கூடுதலாகச் சேரும். மலையேறி வந்த சூட்டில் மட்டும், டர்போ ஆற, ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால் நல்லது.

நம்பிக்கை 5: கரும்புகை வரவில்லை என்றால் டீசல் சுத்தம்.

உண்மை: கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. அடைக்கிறதே என்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடுவது, அந்தப் புகையை நம் தெருப் பிள்ளைகளின் மூக்கில் விடுவது.

ஆக, டீசல் வீணும் அல்ல, எல்லோருக்கும் அதுவே விடையும் அல்ல. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள்: நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ லோடு, எத்தனை தடவை நிறுத்தம். நூறு கிலோமீட்டருக்கு மேல், டன் கணக்கில் சுமை, பைபாஸும் மலையும் என்றால் தயங்காமல் டீசல். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டி என்றால் பெட்ரோல். போகும் வழியில் சிஎன்ஜி பங்க் இருந்தால் அதையும் விலை கேளுங்கள். டீக்கடையில் சொல்கிறவர் உங்கள் டியூவைக் கட்டப் போவதில்லை.