பெயர் நாம் வைக்காவிட்டால்

அன்புள்ள தம்பிக்கு,

'இணையப் பக்கத் தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டுமாமே, ஐயா?' என்று கேட்டிருந்தாய். இந்த 60-ஐ யார் கிளப்பிவிட்டார்களோ! கூகுள் அப்படி ஒரு வரம்பு வைக்கவே இல்லை. திரையின் அகலத்துக்கு அடங்காததை வெட்டிவிடும், அவ்வளவுதான். 'தென்னை' நமக்கு மூன்று எழுத்து. கணினி குறிகளைத் தனியே எண்ணி ஆறு என்கிறது. எண்ணுவதை விடு. கைபேசியில் தேடிப் பார்த்தால் எங்கே வெட்டுப்படுகிறது என்று தெரிந்துவிடும். முக்கியமான சொல் முன்னால் நிற்கட்டும்.

உன் பக்கத்தைத் திறந்தேன். 'முகப்பு | தென்னை, தென்னை நோய், தென்னைப் பூச்சி, தென்னை மரம்.' கோபம்தான் வந்தது. உள்ளே நீ எழுதியிருப்பது 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயைப் பற்றி. அதன் பிசுபிசுப்பான கழிவு கீழ் ஓலையில் வடிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்வதை எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாய்! தோப்புக்காரர் கண்ணில் முதலில் படுவது கருத்த ஓலை. பூச்சியின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. 'தென்னை ஓலை கருப்பாவது ஏன்? சுருள் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் முறை' என்று வை. அவர் கேட்கும் சொல்லும் உன் விடையும் அதில் இருக்கின்றன.

தலைப்பு என்றதும் குறுந்தொகை நினைவுக்கு வந்தது. மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். சில பாட்டுகளுக்குப் புலவர் பெயர் தெரியவில்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுக்குள் இருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கினார்கள். செம்மண்ணில் பெய்த மழையைச் சொன்னவர் செம்புலப்பெயல்நீரார். அணில் விளையாடும் முற்றத்தைக் காட்டியவர் அணிலாடு முன்றிலார். கல்லில் மோதிக் கரையும் நுரையைச் சொன்னவர் கல்பொரு சிறுநுரையார். குப்பைமேட்டுக் கோழிச் சண்டையை உவமையாக்கியவருக்குக் குப்பைக் கோழியார் என்றே பெயர்! காதல், பிரிவு, தலைவி என்று எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் சொல் எதையும் அவர்கள் தொடவில்லை. அந்த ஒரு பாட்டில் மட்டும் இருப்பதைத் தேடிப் பிடித்தார்கள். தலைப்பு வைக்கும் கலை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது என்பேன். யார் மறுத்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூகுளும் பெயர் வைக்கிறது. நாம் கொடுத்த தலைப்பு பக்கத்துக்குப் பொருந்தவில்லை, ஒரே சொல்லை அடுக்கியிருக்கிறது என்று பட்டால், பக்கத்தின் உள்தலைப்பையோ வேறு வரியையோ எடுத்துக் காட்டும். 2021 ஆகஸ்டில் இதற்கென்று புது முறையையே கொண்டுவந்தார்கள். ஆனால் தொகுத்தவர்களுக்கு இருந்த சுவை அதனிடம் கிடையாது. உன் உள்தலைப்பு என்ன தெரியுமா? 'உழவர்களுக்கு வணக்கம்.' ஓலை கருத்துப்போய்த் தவிக்கும் ஒருவர் அதைப் பார்த்து ஏன் உள்ளே வரப்போகிறார்? அதையும் இன்றே மாற்று.

காண்டாமிருக வண்டுப் பக்கத்திலும் இதே 'முகப்பு' வரிதான் இருக்கிறது. ஓலை விரிந்ததும் கத்தரித்தாற்போல் விசிறியாக வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்தவர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று உன் ஊர்த் தோப்புக்காரர்கள் நாலு பேரிடம் கேள். அவர்கள் சொன்னதை அப்படியே குறித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்