அணைத்தாலும் தானே முளைக்கும் ப்ராக்ஸி: வீட்டுக் கணினிக்குச் சில குறிப்புகள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கிள்ளானிலிருந்து சித்தி கூப்பிட்டார். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் செய்பவர். யார் எத்தனை டப்பா கேட்டார்கள், யார் முன்பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கெல்லாம் ஒரு மடிக்கணினியில்தான் இருக்கிறது.

"தம்பி, இண்டர்நெட் வரமாட்டேங்குது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்துட்டு, ஏதோ ப்ராக்ஸியாம், அதை ஆஃப் பண்ணிக் கொடுத்தான். நல்லா வந்துச்சு. அடுப்புல பாகு இருக்கேன்னு எழுந்து போய்ட்டு வந்து பார்த்தா, மறுபடியும் ஆன் ஆகி நிக்குதுய்யா."

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்து போய் கேஎல் சென்ட்ரலில் கேடிஎம் ரயில் பிடித்தேன். அன்று பிற்பகல் முழுவதும் அந்தக் கணினியோடுதான் போனது. அதன் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டில் இதே தொல்லையை இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

ப்ராக்ஸி என்பது உங்கள் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடையாள். அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் அதற்கு வேலை உண்டு. வீட்டில் பெரும்பாலும் இல்லை. இலவசம் என்று இறக்கிய ஏதோ ஒரு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத நிரல், தானே இடையாளாக நின்றுகொள்கிறது. நீங்கள் பார்க்கும் பக்கத்தில் விளம்பரம் செருகுவதும், தேடலை வேறு பக்கம் திருப்பிவிடுவதும் அதன் பிழைப்பு. மோசமான ரகமாக இருந்தால் நீங்கள் அனுப்புவதையும் படிக்கும். சுவிட்சை நூறு தடவை அணைத்தாலும், அதைப் போடுகிற கை உள்ளே இருக்கும்வரை திரும்பத் திரும்ப எரியத்தான் செய்யும்.

1. கைப்பேசியை அதே வைஃபையில் போட்டுப் பாருங்கள். கைப்பேசியில் இணையம் ஓடுகிறது, மடிக்கணினியில் மட்டும் ப்ராக்ஸி சர்வர் பற்றிய பிழைச் செய்தி வருகிறது என்றால் கோளாறு கணினிக்குள் இருக்கிறது. யூனிஃபைக்கோ மேக்ஸிஸுக்கோ போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். கைப்பேசியும் சேர்ந்து கண்ட கண்ட பக்கங்களுக்குத் தாவுகிறது என்றால், ரௌட்டரில் யாரோ கை வைத்திருக்கலாம். அப்போது ரௌட்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

2. வேலை முடியும்வரை அந்தக் கணினியில் வங்கிப் பக்கம் போகாதீர்கள். மேபேங்க், சிஐஎம்பி, வருமான வரி, ஈபிஎஃப் எதையும் திறக்க வேண்டாம். அவசரம் என்றால் கைப்பேசியில், வைஃபையை நிறுத்திவிட்டு, சிம் கார்டு டேட்டாவில் செய்யுங்கள். இதைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

3. ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்து கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ப்ராக்ஸி. மேனுவல் ப்ராக்ஸி என்ற பகுதியில் 127.0.0.1 என்ற முகவரியும் அதனோடு ஒரு போர்ட் எண்ணும் இருந்தால் கவனியுங்கள். 127.0.0.1 வெளியூர் முகவரி இல்லை, உங்கள் கணினியே தன்னைக் கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி. அதாவது இடையாள் உங்கள் கணினிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். செட்டப் ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் நீங்கள் போடாத இணைய முகவரி இருந்தாலும் அதே சந்தேகம்தான். அந்தப் போர்ட் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், அடுத்து வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: அலுவலகம் கொடுத்த கணினி என்றால் எதையும் தொடாமல் அங்கே உள்ள ஐடி பிரிவைக் கேளுங்கள். வீட்டுக் கணினியிலும் சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும், நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைகள் பயன்படுத்தும் ஃபிட்லர் போன்ற கருவிகளும் முறையான காரணத்துக்காகவே ப்ராக்ஸி வைக்கும். பிள்ளையைக் கேட்காமல் அழித்துவிடாதீர்கள்.

4. சுவிட்சை அணைத்துவிட்டு மணியைப் பாருங்கள். இதுதான் எனக்கு அதிகம் உதவிய வழி. அணைத்த மறு நொடியே திரும்பினால், ஒரு நிரல் பின்னால் ஓடிக்கொண்டே காவல் காக்கிறது. கணினியை மறுபடி தொடக்கியதும் திரும்பினால், தொடக்கப் பட்டியலிலோ சர்வீஸிலோ இருக்கிறது. நேரம் பிசகாமல் திரும்பினால், யாரோ அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். சுவிட்ச் அணைந்தே இருந்தும் உலாவியில் மட்டும் தொல்லை என்றால் உலாவி நீட்சியாக இருக்கலாம். சித்தி வீட்டில் அணைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி 2.10. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம். 2.30 அடித்ததும் கண் முன்னாலேயே சுவிட்ச் மேலே ஏறியது. மறுபடி அணைத்தேன். சரியாக 3 மணிக்கு மறுபடி. "பேய் மாதிரி இருக்கேப்பா" என்றார் சித்தி. பேய் இல்லை, அரை மணிக்கொரு தடவை ஓடும் அட்டவணை.

5. உள்ளே இருப்பவனின் பெயரைக் கண்டுபிடியுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறவுங்கள். நெட்வொர்க் என்ற பக்கத்தில், அடியில் லிசனிங் போர்ட்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். தாளில் எழுதிய போர்ட் எண்ணை அதில் தேடுங்கள். அந்த வரியின் முதலில் இருப்பதுதான் நிரலின் பெயர். பிறகு டாஸ்க் மேனேஜரில் அதே பெயர் மேல் வலது கிளிக் செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த ஃபோல்டர், எந்தத் தேதியில் வந்தது என்பது தெரிந்துவிடும். சித்தியின் கணினியில் இருந்தது, ஆர்டர் தாளைப் பிடிஎஃப் ஆக்குவதற்கென்று இறக்கிய இலவச மென்பொருளின் கூடவே, அதே நாளில், அதே நிமிடத்தில் வந்து இறங்கியது.

6. தேதி வாரியாக நீக்குங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றில் உங்களுக்குத் தெரியாதவை எவை என்று பாருங்கள். நீக்கும்போது "உறுதியாகவா?" "சலுகை தருகிறோம், இருங்கள்" என்றெல்லாம் கேட்கும். பொத்தான்களை நிதானமாகப் படித்து அழுத்துங்கள். வைத்திருக்கச் சொல்லும் பொத்தானைப் பளிச்சென்ற நிறத்திலும், நீக்கும் பொத்தானை மங்கலாகவும் வைப்பது இவர்கள் வழக்கம்.

7. டாஸ்க் ஷெட்யூலரைப் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். நிரலை நீக்கிய பிறகும் ப்ராக்ஸி திரும்புகிறது என்று சொல்பவர்களில் பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஸ்டார்ட்டில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, இடப்பக்கம் இருக்கும் லைப்ரரியைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு வேலையும் எப்போது ஓடும், எந்தக் கோப்பை ஓட்டும் என்று கீழே காட்டும். நல்ல நிரல்களின் புதுப்பிப்பு வேலைகளும் அங்கே இருக்கும். அதனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஆக்‌ஷன்ஸ் என்ற பகுதியில் இருக்கும் கோப்பின் பாதையைப் பாருங்கள். நாங்கள் பார்த்ததில் "அப்டேட்" என்று அப்பாவிப் பெயர் வைத்த ஒன்று, நீக்கிவிட்ட அந்த நிரலின் ஃபோல்டரையே காட்டியது. உடனே அழிக்காமல் முதலில் டிஸேபிள் செய்யுங்கள். ஒரு நாள் பார்த்து, எதுவும் கெடவில்லை என்றால் அழியுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பட்டியலையும் இதோடு சேர்த்து ஒரு பார்வை பாருங்கள்.

8. உலாவி நீட்சிகளில் நீங்கள் போடாததை நீக்குங்கள். குரோமும் எட்ஜும் விண்டோஸின் ப்ராக்ஸியையே பின்பற்றும். ஃபயர்ஃபாக்ஸுக்கு அதன் செட்டிங்ஸிலேயே தனியாக ஒரு நெட்வொர்க் பகுதி உண்டு, அதையும் பாருங்கள். வீட்டுக் கணினியில் குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வந்தால், எந்த நிறுவனம் என்று கேளுங்கள். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களாலும் அந்த வரி வரும். அது இல்லையென்றால், வேண்டாத நிரல் விட்டுப்போன கொள்கை அமைப்பாக இருக்கலாம்.

9. பிறகு ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு ஓட்டுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். இந்த ரகத் தொல்லைக்கென்றே மால்வேர்பைட்ஸ் இலவசமாகத் தரும் ஆட்வ்கிளீனரும் நல்ல துணை. அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிரலை நீக்கியதால் இணையம் வரவில்லை என்றால், 11இல் சொல்லியிருப்பதுபோல் முதலில் ப்ராக்ஸியை அணையுங்கள். ஒட்டுண்ணியை விரட்ட வந்தவன் இன்னொரு ஒட்டுண்ணியைக் கொண்டுவரக் கூடாது.

10. சான்றிதழைப் பாருங்கள். இதற்கு மட்டும் உங்கள் வங்கியின் முகப்புப் பக்கத்தைத் திறந்து, உள்ளே நுழையாமல், முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னத்தைச் சொடுக்கி, சான்றிதழை யார் வழங்கியது என்று பாருங்கள். வேறு இரண்டு தளங்களிலும் பாருங்கள். வங்கி, கூகுள், செய்தித்தாள் மூன்றுக்கும் ஒரே பெயர், அதுவும் கேள்விப்படாத பெயர், சான்றிதழ் கொடுத்திருந்தால் இடையாள் பூட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறான். வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயராக இருந்தால் அது வேறு கதை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2014 இறுதியில் விற்ற சில லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தொழிற்சாலையிலிருந்தே ஏறி வந்தது. அது எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி கொண்ட மூலச் சான்றிதழை வைத்திருந்தது. அந்தச் சாவி கிடைத்தவர் எவரும் போலி வங்கிப் பக்கத்தை உண்மையானதுபோலக் காட்டலாம். 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்த பிறகு, லெனோவோவே நீக்கும் கருவியை வெளியிட்டது. மென்பொருளை நீக்கினால் சான்றிதழ் தானாகப் போய்விடாது என்பதுதான் அன்று பலரும் கற்றது. மேனேஜ் யூசர் சர்ட்டிஃபிகேட்ஸ், மேனேஜ் கம்ப்யூட்டர் சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற இரண்டிலும், டிரஸ்டட் ரூட் பகுதியில், சான்றிதழ் கொடுத்ததாக நீங்கள் பார்த்த அந்தக் கேள்விப்படாத பெயர் இருந்தால் அதை மட்டும் அழியுங்கள். மற்றவற்றைத் தொட்டால் நல்ல தளங்களும் திறக்காமல் போகும்.

11. இப்போது ப்ராக்ஸியை அணையுங்கள். மேனுவல், செட்டப் ஸ்கிரிப்ட் இரண்டையும் அணைத்து, எழுதியிருக்கும் முகவரியையும் அழியுங்கள். நிரலை நீக்கிவிட்டு இதை மட்டும் மறந்தால், ஆளில்லாத வீட்டுக் கதவைக் கணினி தட்டிக்கொண்டே இருக்கும், இணையம் அறவே வராது. அணைத்த பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். திரும்பவில்லை என்றால், கடவுச்சொற்களை மாற்றுங்கள். நெட்வொர்க் ரீசெட் என்பதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள், சேமித்த வைஃபை கடவுச்சொற்களை மறுபடி போட வேண்டியிருக்கும்.

12. வரும் வழியை அடைத்துவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரௌஸர் கன்ட்ரோல், அதில் ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன். வேண்டாத செயலிகளைத் தடுக்கும் ஒரு சுவிட்ச் அங்கே இருக்கிறது. அது எரியட்டும்.

நம் வீடுகளில் இந்தத் தொல்லை நுழையும் ஒரு வழி தமிழ் எழுத்துரு. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிப் பாடத்தாள் என்று அவசரத்துக்குத் தமிழில் தட்டச்சு செய்ய ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்குகிறோம். தேவையே இல்லை. விண்டோஸுக்குள்ளேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைமுறைகளும் இருக்கின்றன. மொழிகள் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அஞ்சல் நம் மண்ணில் பிறந்தது, மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழி வந்தது. பிடிஎஃப் ஆக்கவும் தனி மென்பொருள் வேண்டாம். பிரிண்ட் கொடுத்து, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

இலவச விபிஎன் இன்னும் ஆபத்து. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன்களை நிறுவியவர்களின் வீட்டுக் கணினிகளை 911 எஸ்5 என்ற கும்பல் ப்ராக்ஸியாக மாற்றிக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. 2024 மே மாதம் அமெரிக்க அரசு அதை முடக்கியபோது, 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்ததாக அறிவித்தது. நடத்தியவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் பிடிபட்டது பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில்.

13. கடைக்குக் கொண்டுபோவதானால், லோ யாட் பிளாசாவோ உங்கள் தாமான் கடையோ, புகைப்படங்களையும் கணக்குக் கோப்புகளையும் முதலில் வெளி டிரைவில் நகலெடுங்கள். கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று வாயால் சொல்லுங்கள், ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

14. வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருந்தால் கணினியை நோண்டிக்கொண்டிருக்காமல் உடனே உங்கள் வங்கிக்கோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பணம் போகவில்லை, கணினித் தொல்லை மட்டும்தான் என்றால் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையம் இருக்கிறது: 1-300-88-2999. இரண்டு எண்களையும் இன்றே ஒரு தாளில் எழுதிக் கணினி மேசைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இணையம் நின்றுபோன நேரத்தில் எண்ணைத் தேட முடியாது.