ஏலகிரிக்குப் போகிறவளுக்கு

அன்பு மகளுக்கு,

ஷூ கம்பெனியில் உன்னோடு தையல் மெஷினில் உட்காருகிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஏலகிரிக்குப் போய்வரப் போகிறீர்களாம். வேன் பேசியாகிவிட்டது, பிரியாணிக்கும் சொல்லியாகிவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். நல்ல காரியம், கட்டாயம் போக வேண்டும். போவதற்கு முன் பெரியம்மா சொல்வதையும் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்.

முதலில் நாளைப் பற்றி. ஏலகிரி அமைதியான மலை என்று எல்லோரும் சொல்வது உண்மைதான், ஆனால் அந்த அமைதி வார நாட்களுக்கு மட்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருப்பதால் சனி, ஞாயிறுகளில் இரண்டு ஊர் கார்களும் அங்கேதான் ஏறுகின்றன. புங்கனூர் ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வார நாளில் பத்துப் பெண்கள் ஒன்றாக லீவு கேட்டால் லைன் நின்றுபோகும், சூப்பர்வைசர் விடமாட்டார் என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். ஞாயிறுதான் வழி என்றால் விடிவதற்கு முன்பே ஆம்பூரை விட்டுக் கிளம்புங்கள். வாணியம்பாடி தாண்டி, திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியில் திரும்பும்போது பொழுது புலர வேண்டும். கார்க் கூட்டம் வந்து சேர்வதற்குள் மலையின் காலை உங்களுக்குக் கிடைத்துவிடும்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள்: கபிலர், ஔவையார், பாரி, ஓரி என்று. படித்துக்கொண்டே ஏறலாம். ஆனால் டிரைவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வளைவில் எதிரே வரும் வண்டியின் ஹாரன் அவர் காதில் விழ வேண்டும். குரங்குகள் வழியில் உட்கார்ந்திருக்கும். பழம், பிஸ்கட் என்று ஒன்றும் எறியாதீர்கள். தீனிக்குப் பழகிய குரங்கு காட்டை விட்டுச் சாலைக்கே குடிவந்துவிடும், பிறகு வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுச் சாகும்.

ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர்தான். மே மாதம் பகலில் அங்கேயும் வெயில் அடிக்கும். குளிர் வேண்டுமென்றால் மார்கழி, தை. பசுமையும் ஓடும் தண்ணீரும் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை. மலையிலிருந்து இறங்கும் அத்தாறு திருப்பத்தூர்ப் பக்கம் ஜலகாம்பாறையில் அருவியாக விழுகிறது. கோடையில் அங்கே போனால் வெறும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மேலே ஒரு பூங்கா, ஓர் ஏரி, நான்கு கடை என்று பார்த்துவிட்டு இறங்குகிறவர்களே அதிகம். பெரியம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. அது ஊர், மகளே. அத்தனாவூர், நிலாவூர், மங்கலம் என்று 14 சிற்றூர்கள் அந்த மலைமேல் இருக்கின்றன. ஆதியிலிருந்து அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்தோடு சம்பந்தமில்லை, வீட்டிலும் வெளியிலும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் மலை முழுவதும் ஜமீன் சொத்தாக இருந்தது, 1950களில்தான் அரசு கைக்கு வந்தது. இப்போது விடுதிகளும் பண்ணை வீடுகளும் பெருகிவிட்டன. நிலாவூர்ப் பக்கம் நடந்து போனால் பலா மரமும் கொய்யாத் தோப்பும் வீடுகளும் கலந்தே இருக்கும். கைக்கு எட்டுகிறது என்று காயைப் பறிக்காதே, கேட்டு வாங்கு. வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படம் எடுக்காதே. ஆம்பூரில் நம் தெருவுக்குள் வேனில் இருபது பேர் வந்து இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்துப் படம் எடுத்தால் உன் அம்மா சும்மா விடுவாளா?

இந்தக் கடிதம் எழுதத் தோன்றியதற்குக் காரணமே இனிமேல் சொல்லப்போவதுதான். மேலே ஏறி நின்றால் கீழே வாணியம்பாடி, ஜோலார்பேட்டைப் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கும். வடக்கே பாலாறு. தோலில்தான் நம் குடும்பமும் சோறு தின்றது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதிதான் என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் நாடு முழுவதும் இன்றைக்கும் நம் பழைய மாவட்டமான வேலூரின் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். அப்படியும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறை வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்றுவிட்டது. குடிதண்ணீர்க் கேனுக்குக் காசு கொடுக்காத மாதம் அந்தத் தலைமுறைக்குத் தெரியாது.

நாம் அதைப் பட்டவர்கள். மேலேயிருந்து வருகிற அழுக்கு கீழே இருப்பவன் கிணற்றில் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏலகிரியில் நீ நிற்கும் நேரம் நீதான் மேலே இருப்பவள். புங்கனூர் ஏரிக்கரையிலோ ஓடையிலோ போடுகிற கவரும் பாட்டிலும் அடுத்த மழைக்குக் கீழே கிளம்பிவிடும். போகிற வழியில் இருப்பது யாரோ ஒருவருடைய நிலம், யாரோ ஒருவருடைய கிணறு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. தடைக்குப் பயந்து செய்ய வேண்டாம். பட்டதை நினைத்துச் செய்.

மலை என்றாலே சுத்தம் என்று நம்பிவிடவும் கூடாது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளியே தெரியவந்து, 2001இல் அது மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்கிற பேச்சு அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. கூட்டம் தாங்காமல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஏலகிரி மிகச் சின்ன மலை. அவ்வளவு கூட்டத்தை அது தாங்காது.

பிரியாணி விஷயம். எடுத்துப் போங்கள், ஆம்பூர்ப் பெண்கள் பிரியாணி இல்லாமல் எங்கே போனோம்! பார்சல் டப்பாக்களாக வேண்டாம். ஒரே அண்டாவில், கத்தரிக்காய்த் தொக்கு ஒரு தூக்கில், வீட்டுத் தட்டுகள் ஒரு பையில். எலும்பையும் எச்சிலையும் மூடியுள்ள வாளியில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். மற்றபடி டீ, பஜ்ஜி, பலாச்சுளை எல்லாம் அங்கே கடை வைத்திருக்கும் பெண்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலியை எண்ணி வாங்குகிற உங்களுக்கு அவர்கள் உழைப்பின் விலை தெரியும்.

மங்கலத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏற வேண்டும் என்று உன் தோழிகள் ஆசைப்படுவார்கள். ஏறலாம், ஆனால் யாரோ ஒரு பையன் வழிகாட்டுகிறேன் என்றதும் பின்னால் போய்விடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் உன் வயதுக்காரர்கள். காய்ந்த புல்லில் தீ பிடித்தால் மனிதர் ஓட்டம் அதற்கு முன்னால் நிற்காது. வனத்துறை 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. ஏலகிரி சுவாமிமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டு, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போங்கள். மாசி, பங்குனியில் வேண்டவே வேண்டாம். காட்டுக்குள் அடுப்பு, தீக்குச்சி எதுவும் கூடாது.

ஏலகிரி பிடித்துப்போய் இன்னொரு தரம் கிளம்பத் தோன்றினால், கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். இருட்டான வானமும், தென்வானத்து நட்சத்திரங்களும் தெரியும் இடம் தேடி அலைந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு அதைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் சின்னத் தொலைநோக்கியோடு அங்கே வானாய்வகத்தின் வேலை தொடங்கியது, 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 மார்ச் 10 அன்று தெரியவந்தபோது, அமெரிக்கர்களின் பறக்கும் ஆய்வுக்கூடத்தோடு காவலூரும் அந்த நிகழ்வைப் பதிவு செய்தது. 1986இல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர். 1988இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். வாணியம்பாடியில் வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது பெரியம்மாவுக்குப் பெரிய வருத்தம். சனிக்கிழமை மாலையில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். மேகமில்லாத நாளாகப் பார்த்து, முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. வேனில் உன் அம்மாவுக்கும் ஓர் இடம் வை. வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்துக் கொடுத்து உங்களைப் படிக்கவைத்தவள், ஏலகிரியை ரயில் ஜன்னல் வழியாக மட்டும்தான் பார்த்திருக்கிறாள். முழங்கால் வலி, நீங்கள் போய் வாருங்கள் என்று சாக்குச் சொல்வாள். ஏரிக்கரை சமதரைதான், மெதுவாக நடந்துவிடலாம் என்று பெரியம்மா சொன்னதாகச் சொல். தைலம் மறக்காமல் எடுத்து வை. தேதி முடிவானதும் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியம்மா