அம்பின் வாலில் மூன்று இறகுகள்

அம்பு என்றதும் அதன் கூர்முனையே நம் நினைவுக்கு வரும். ஆனால், அம்பை நேராகச் செலுத்துபவை அதன் வாலில் உள்ள இறகுகளே. வில்லிலிருந்து விடுபடும் அம்பு, வளைந்து அதிர்ந்தபடியே பாயும். இறகுகள் காற்றின் தடையால் அதன் வாற்பகுதியைப் பின்னிழுத்து அம்பை நேர்ப்படுத்துகின்றன.

இங்கிலாந்தின் நெடுவில் வீரர்களுடைய அம்புகளில் பெருவாத்தின் இறகுகள் இடம்பெற்றன. போருக்கு அவை மிகுதியாகத் தேவைப்பட்டதால், ஒவ்வொரு பெருவாத்திலிருந்தும் ஆறு இறகுகளைத் திரட்டுமாறு 1417ஆம் ஆண்டில் மன்னர் ஐந்தாம் ஹென்றி ஆணையிட்டார்.

இறகுகளைக் கையால் தயாரிக்க, முதலில் இடச்சிறகின் இறகுகளையும் வலச்சிறகின் இறகுகளையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். பின்னர், கூரிய கத்தியால் இறகின் நடுத்தண்டை நீளவாக்கில் பிளக்க வேண்டும். அகன்ற பக்கமே அம்புக்கு உதவும். அதன் தண்டை மணல்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, மூன்று இறகுகளை ஒரே அளவில் நறுக்க வேண்டும். அவற்றைச் சம இடைவெளியில் பசையால் ஒட்டி, நூலால் சுற்றிக் கட்ட வேண்டும்.

தொடக்கத்திலேயே இறகுகளைப் பிரிப்பது ஏன்? இரு சிறகுகளின் இறகுகளும் எதிரெதிர்த் திசைகளில் வளைந்திருக்கும். ஒரே சிறகின் இறகுகளைப் பொருத்தினால், அம்பு ஒரே திசையில் சுழன்று சீராகப் பாயும். இரண்டையும் கலந்தால், ஓர் இறகு இடப்பக்கமாகவும் மற்றொன்று வலப்பக்கமாகவும் சுழற்ற முயலும், அம்பு தடுமாறும். பிழை செய்தவர் பட்டறையில் இருப்பார். அதன் விளைவை அனுபவிப்பவர் களத்தில் நிற்பார்.

வில்லாளரின் குறி அவருடைய கண்ணையும் கையையும் மட்டும் நம்பியதன்று; இறகுகளைப் பொறுமையாகப் பிரித்தெடுத்த கைவினைஞரின் கவனத்தையும் நம்பியது.